ஒரே வரிசை, மூணு கணக்கு: ரெங்க் வழியா தெற்கு சூடானைப் பாக்கலாம்

2023 ஏப்ரல்ல சூடான்ல சண்டை ஆரம்பிச்சப்ப நம்ம டிவில ஓடுனது இந்தியர்களை மீட்டுட்டு வந்த ஆபரேஷன் காவேரி மட்டும்தான். போர்ட் சூடான்லேர்ந்து கப்பல், ஜெட்டாலேர்ந்து ஃப்ளைட், கைல சின்னக் கொடியோட ஏர்போர்ட்ல இறங்குறவங்க, அவங்ககிட்ட மைக் நீட்டுறவங்க. அது முடிஞ்சதும் கேமராவும் கிளம்பிடுச்சு. அதே நாட்கள்ல கார்ட்டூம்லேர்ந்து தெற்குப் பக்கமா பஸ்லயும் லாரிலயும் ஒரு பெரிய கூட்டம் போய்ட்டு இருந்துச்சு, போய்ச் சேந்த இடம் தெற்கு சூடான். அந்த நாட்டுல ஏற்கெனவே 20 லட்சத்துக்குக் கிட்ட ஜனங்க சொந்த நாட்டுக்குள்ளயே வீட்ட விட்டு ஓடி வேற எங்கயோ இருக்காங்க, இன்னொரு 20 லட்சத்துக்கும் மேல உகாண்டா, எத்தியோப்பியா, கென்யா, சூடான்னு பக்கத்து நாடுகள்ல அகதியா இருக்காங்க, மொத்த ஜனத்தொகையே ஒரு கோடி சொச்சம்தான் (2008க்கு அப்புறம் அங்க சென்சஸே எடுக்கல, அதனால எல்லாமே உத்தேசக் கணக்கு). அப்படி ஒரு நாட்டுக்குள்ள, சண்டைக்குத் தப்பிச்சு, 2025 ஆரம்பத்துக்குள்ள 10 லட்சம் பேர் வந்து சேந்துட்டாங்க.

இதுல முக்கால்வாசிப் பேர் வந்தது ஒரே வழியா. அப்பர் நைல் மாநிலத்துல ரெங்க்னு ஒரு டவுன் இருக்கு, வெள்ளை நைல் ஆத்தோரம், அதுக்கு வடக்கால ஜோடாங்குற பார்டர் பாயின்ட். அதனாலதான் இந்த கேஸை ரெங்க்ல வச்சுப் பாக்குறேன். நாடு முழுக்க நடக்குறது அத்தனையும் அந்த ஒரு டவுன்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்ச மாதிரி தெரியும்.

கார்ட்டூம்லேர்ந்து வர்றவங்களுக்கு ரூட் ஓரளவு ஒண்ணுதான், கோஸ்தி, ரபக், ஜபலைன், அப்புறம் ஜோடா. வழி நெடுக செக்போஸ்ட், சிலது சூடான் ராணுவத்தோடது, சிலது அதோட சண்டை போடுற ஆர்எஸ்எஃப்ங்கற துணைப்படையோடது, ஒவ்வொண்ணுலயும் ஃபோன், காசு, நகைன்னு எதாவது போகும், பஸ் டிக்கெட் ரேட் ஏறிட்டே போச்சு, பார்டர் வரைக்கும் வண்டி வராட்டி கடைசித் தூரத்துக்குக் கழுதை வண்டிதான். கொண்டு வந்த சாமானைப் பாத்தாலே யாரு எப்டிக் கிளம்புனாங்கன்னு தெரிஞ்சுடும். சிலர் இரும்புக் கட்டில், மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணி டிரம்னு வீட்டையே கழட்டி எடுத்துட்டு வந்திருப்பாங்க, சிலர்கிட்ட தோள்ல ஒரு பையைத் தவிர ஒண்ணும் இருக்காது.

ஜோடாவுல எல்லாரும் ஒரே வரிசைலதான் நிப்பாங்க. ஒரே வெயில், ஒரே தண்ணித் தொட்டி. அந்த வரிசை முடியுற எடத்துல, மேஜைக்குப் பின்னாடி உக்காந்திருக்கறவர் கேக்குற மொத விஷயம் நீ எந்த நாட்டுக்காரன்ங்கறது. அதுக்குச் சொல்ற பதில்லதான் வரிசை ரெண்டா பிரியும், நான் இந்தக் கட்டுரைல சொல்ல வர்றதும் அந்த மேஜையப் பத்திதான்.

சூடான்காரன்னு சொன்னா அகதி. தனித்தனியா ஆளைக் கூப்ட்டு விசாரிக்க மாட்டாங்க, போர் நடக்குற நாட்டுலேர்ந்து வந்திருக்காங்க, அதுவே போதும்னு மொத்தமா அகதின்னு ஏத்துக்குவாங்க. 1951 ஐ.நா. ஒப்பந்தம், ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்போட 1969 ஒப்பந்தம், தெற்கு சூடானோட சொந்த அகதிகள் சட்டம் 2012, இதெல்லாம் அவங்களுக்குப் பின்னாடி நிக்குது. அரசாங்கத்தோட அகதிகள் கமிஷனும் ஐ.நா. அகதிகள் அமைப்பான யூஎன்ஹெச்சிஆரும் ரெஜிஸ்டர் பண்ணும், அதே அப்பர் நைல்ல இருக்குற மபான் மாதிரி எடத்து முகாமுக்குக் கூட்டிட்டுப் போவாங்க, அங்க கார்டு, ரேஷன், பள்ளிக்கூடம்னு ஏதோ ஒரு ஏற்பாடு இருக்கும், நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன், ஆனா இருக்கு.

தெற்கு சூடான்காரன்னு சொன்னா ரிட்டர்னி, அதாவது ஊர் திரும்புனவன். இவங்கள பாத்துக்குறது ஐஓஎம், அதாவது ஐ.நா.வோட இடப்பெயர்வு அமைப்பு. கொஞ்ச நாள் சாப்பாடு, பிஸ்கட், கைல கொஞ்சம் காசு, அப்புறம் உங்க ஊர் எதுன்னு கேட்டு அந்தப் பக்கமா வண்டி, படகு, ஃப்ளைட் எதாவது. அவ்ளோதான். சொந்த நாட்டுக்கு வந்துட்டான், சொந்த அரசாங்கம் பாத்துக்கும்ங்கறதுதான் இதுக்குப் பின்னாடி இருக்குற நெனப்பு, அந்த அரசாங்கம் என்ன நெலமைல இருக்குன்னு பின்னாடி சொல்றேன்.

மொத வருஷம் வந்தவங்கள்ல பத்துக்கு எட்டு பேருக்கு மேல இந்த ரெண்டாவது ரகம். அகதி நெருக்கடின்னு உலகம் பேசுனது உண்மைல பெரும்பகுதி ரிட்டர்னி நெருக்கடி. நன்கொடை கேக்குறப்ப அகதிங்கற சொல்லுக்கு இருக்குற இழுப்பு இதுக்கு இல்ல. ஊர் திரும்புறான்னு கேட்டதும், அப்ப நல்ல விஷயம்தானேன்னு தோணிடும் இல்லையா.

யாரு இந்த திரும்புனவங்க

இதுக்குக் கொஞ்சம் பின்னாடி போணும், சுருக்கமா சொல்லிடுறேன். 1983லேர்ந்து 2005 வரைக்கும் சூடான்ல வடக்கு தெற்கு உள்நாட்டுப் போர், 20 லட்சம் பேர் செத்ததா சொல்வாங்க, 40 லட்சம் பேர் இடம்பெயர்ந்தாங்க, அதுல பெரிய பகுதி கார்ட்டூமுக்கே போய் ஊர் ஓரத்துல மயோ, ஹஜ் யூசுஃப், உம்துர்மான் பக்கம்னு மண் வீட்டுல குடியிருந்தாங்க. 2005ல சமாதானம், 2011 ஜனவரில வாக்கெடுப்பு, 98.83 சதவீதம் பேர் பிரிஞ்சு போகலாம்னு ஓட்டு, ஜூலை 9 சுதந்திரம். அப்ப ஒரு அலை தெற்கே போச்சு, அதுலயும் பல பேர் கோஸ்தி துறைமுகத்துல மாசக்கணக்குல மாட்டிக்கிட்டு, 2012ல ஐஓஎம் சுமார் 12,000 பேரை ஃப்ளைட் வச்சு தெற்கு சூடான் தலைநகர் ஜூபாவுக்குத் தூக்க வேண்டியதாப் போச்சு. மீதிப் பேர் கார்ட்டூம்லயே இருந்துட்டாங்க, ஒரே ராத்திரில வெளிநாட்டுக்காரங்களா ஆகி.

2013 டிசம்பர் 15ல ஜூபாவுலயே சண்டை, ஜனாதிபதி சல்வா கீருக்கும் துணை ஜனாதிபதி பதவிலேர்ந்து நீக்கப்பட்ட ரியேக் மச்சாருக்கும், அது சீக்கிரமே டிங்கா நூவர்னு இனச் சண்டையா மாறிடுச்சு. அஞ்சு வருஷம், நடுவுல 2015ல ஒரு ஒப்பந்தம், 2016 ஜூலைல அது ஒடஞ்சு, 2018 செப்டம்பர்ல அடுத்த ஒப்பந்தம். லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் ட்ராபிக்கல் மெடிசின் ஆய்வுப்படி 2018 ஏப்ரல் வரைக்கும் இந்தப் போரால கூடுதலா செத்தவங்க 3.8 லட்சத்துக்கும் மேல. அப்ப ஓடுனவங்கள்ல லட்சக்கணக்கான பேர் மறுபடி சூடானுக்குத்தான் ஓடுனாங்க. 2023ல சண்டை ஆரம்பிக்கும்போது சூடான்ல சுமார் 8 லட்சம் தெற்கு சூடான் அகதிங்க இருந்தாங்க.

அதனால ஜோடாவுல ரிட்டர்னின்னு எழுதப்படுற ஒருத்தர் யாரா வேணா இருக்கலாம். 2014ல மலக்கல்லேர்ந்து ஓடுன ஒரு அம்மாவா இருக்கலாம், அவங்களுக்கு இது ரெண்டாவது ஓட்டம், எந்த ஊர்லேர்ந்து ஓடுனாங்களோ அந்த ஊருக்கே திரும்பப் போகச் சொல்றாங்க. இல்லன்னா ஹஜ் யூசுஃப்ல பொறந்து வளந்த ஒரு பையனா இருக்கலாம், அவன் தெற்கு சூடானைப் பாத்ததே இல்ல, அவன் படிச்சது எல்லாம் அரபில, இங்க பள்ளிக்கூடம் இங்கிலீஷ்ல, எட்டாங்கிளாஸ் படிச்சவன் எங்கேர்ந்து தொடங்குவான்னு யோசிச்சுப் பாருங்க. அவங்கிட்ட உன் சொந்த ஊர் எதுன்னு கேட்டா அப்பாவோட அப்பா ஊர் பேரச் சொல்லுவான். அதுதான் ஃபாரத்துல போற இடம்னு ஏறும்.

எனக்கு இதுலதான் கோவமே. ஊர்ன்னு ஒண்ணு அங்க இன்னும் இருக்கா, நெலம் யாரு கைல இருக்கு, தண்ணிக்குள்ள போயிடுச்சா, பக்கத்து ஊர்க்காரங்களோட பழைய பகை என்ன நெலமைல இருக்குங்கறது எதுவுமே அந்த ஃபாரத்துக்கு வேண்டாம்.

ட்ரான்ஸிட் சென்டரும் படகும்

ரெங்க்ல ட்ரான்ஸிட் சென்டர், அதாவது போற வழில கொஞ்ச நாள் தங்க வைக்கிற எடம், வச்சது பழைய யுனிவர்சிட்டி வளாகத்துல. ஒரு சமயத்துக்கு 3,000 பேர் வரைக்கும் தங்குறதுக்கான ஏற்பாடு, அதிகபட்சம் ரெண்டு வாரம் தங்கிட்டுக் கிளம்பிடணும்ங்கறது திட்டம். ஆனா எப்ப பாத்தாலும் அதுக்குப் பல மடங்கு கூட்டம். உள்ள எடம் இல்லாம வெளில குச்சி நட்டு மேல புடவை, சாக்கு, பிளாஸ்டிக் ஷீட் கட்டிக் குடிசை போட்டாங்க, கார்ட்டூம்லேர்ந்து கொண்டு வந்த அந்தக் கட்டில்தான் பல குடும்பத்துக்குச் சுவரு, கட்டிலை நிமித்தி வச்சு மேல துணி. ரெண்டு வாரம்ங்கறது பல பேருக்கு மாசக்கணக்குல இழுத்துச்சு. ரெண்டாவது சென்டர் தொறந்தாங்க, அதுவும் நெறஞ்சது. 2024 டிசம்பர்ல சூடான்ல சென்னார், வெள்ளை நைல், நீல நைல் பக்கம் சண்டை முத்துனப்ப ஒரு நாளைக்கு 5,000, சில நாள் அதுக்கும் மேல பார்டரைத் தாண்டுனாங்க, ரெங்க் ஆஸ்பத்திரில குண்டடிபட்டவங்களைப் படுக்க வைக்க எடம் இல்லாம டென்ட் போட்டாங்க.

அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான், அக்டோபர் கடைசில, ரெங்க்ல காலரான்னு அரசாங்கம் அறிவிச்சது. கூட்டம், குறைச்சலான கக்கூஸ், ஆத்துத் தண்ணி, வர்றவங்க எல்லாம் காலரா பரவிட்டு இருந்த பகுதிலேர்ந்து வர்றாங்க, வராம இருந்திருந்தாதான் ஆச்சரியம். ஆனா ட்ரான்ஸிட்டோட வேலையே ஆளை அடுத்த எடத்துக்கு அனுப்புறது, அதனால ஆத்தோரமா மலக்கல், பெந்தியு, ஜூபான்னு எங்கெல்லாம் ஆள் போனாங்களோ நோயும் போச்சு, 2025ல நாடு முழுக்க ஆயிரம் பேருக்கு மேல சாவு.

இப்ப அந்தப் பயணத்துக்கு வருவோம். ரெங்க்லேர்ந்து மலக்கல் சுமார் 300 கிலோமீட்டர். ரோடுன்னு ஒண்ணு மேப்ல இருக்கு, மழை விழுந்தா அந்தப் பக்கத்துக் கருப்பு மண்ணு சேறா மாறிடும், நம்ம கரிசல் மண்ணை மழைல பாத்தவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, லாரி சக்கரம் முழுசா எறங்கிடும். அதனால ஆறுதான் வழி. ஐஓஎம் வாடகைக்குப் பிடிச்ச பார்ஜ், அதாவது தட்டையான இரும்புப் படகு, சரக்கு ஏத்துறதுக்குன்னு செஞ்சது, ஒரு ட்ரிப்ல நூத்துக்கணக்கான பேர், மூட்டைங்க, கட்டில், கோழி, கைக்குழந்தை, வெயில்ல காஞ்ச இரும்புத் தரை மேல ரெண்டு மூணு நாள். மலக்கல்ல இறங்குனா புலுகத்னு அடுத்த ட்ரான்ஸிட் சென்டர். அங்கேர்ந்து ஜூபா பக்கமோ பெந்தியு பக்கமோ போறதுக்கு இன்னொரு படகு, இல்ல ஃப்ளைட், ஃப்ளைட்னா செலவு. 2023ல பலோய்ச்ங்கற எண்ணெய் வயல் ஏர்போர்ட்டுக்கு எப்டியோ போய்ச் சேந்த ஆயிரக்கணக்கான பேர், ஃப்ளைட் கெடைக்கும்னு ரன்வே பக்கத்துலயே திறந்த வெளில காத்துக் கெடந்தாங்க.

அரசாங்கமும் ஏஜென்ஸிங்களும் இதைச் செஞ்சதுக்குக் காரணம் புரியாம இல்ல. பார்டர்ல நிரந்தர முகாம் உருவாகிடக் கூடாது, ரெங்க் மாதிரி ஒரு சின்ன டவுன் தாங்காது, பார்டருக்கு அந்தப் பக்கம் போர் நடக்குது, அதனால சீக்கிரம் உள்ள அனுப்பணும். நியாயமான கவலைதான். நானே அங்க பொறுப்புல இருந்தாலும் அதைத்தான் மொதல்ல யோசிப்பேன். ஆனா நடந்தது என்னன்னா, ரெங்க்ல கண்ணுக்குத் தெரியுற கூட்டம் கொறஞ்சு, கண்ணுக்குத் தெரியாத நூத்துக்கணக்கான கிராமங்களுக்கும் முகாம்களுக்கும் அது பிரிஞ்சு போச்சு. ரெங்க் வரைக்கும் பத்திரிகைக்காரங்க வருவாங்க, ஐ.நா. அதிகாரி வந்து பாத்துட்டுப் போவாரு. ருப்கோனா கவுன்டில ஏதோ ஒரு மேட்டுல சொந்தக்காரங்க வீட்டுல பதினஞ்சாவது ஆளா போய்ச் சேந்த குடும்பத்தைப் பாக்க யாரு போறது. டிக்கெட்டுக்கு ஆன செலவு கணக்குல இருக்கும், இறங்குனதுக்கு அப்புறம் என்னாச்சுங்கறதுக்குப் பெரும்பாலும் வரியே இருக்காது.

மலக்கல், பெந்தியு

மலக்கல் ஒரு காலத்துல நாட்டோட ரெண்டாவது பெரிய டவுன். 2013-14 போர்ல பல தடவை கை மாறுச்சு, ஒவ்வொரு தடவையும் எரிச்சாங்க. ஜனங்க ஐ.நா. அமைதிப்படை முகாம் கேட்டுக்கு ஓடுனாங்க, கேட்டைத் தொறந்து விட்டாங்க. ஐ.நா. வரலாற்றுல அவ்ளோ பெரிய அளவுல அப்டி நடந்ததில்ல, கொஞ்ச நாளைக்குன்னு நெனச்சுத் தொறந்தது வருஷக்கணக்கா நீண்டுச்சு, ஜூபா, போர்ங்கற டவுன், மலக்கல், பெந்தியு, வாவ்னு எல்லா முகாமும் சேத்து உச்சத்துல 2 லட்சம் பேருக்கு மேல அந்த வேலிக்குள்ள. இந்திய ராணுவப் பட்டாலியன் மலக்கல் பக்கமும் அதுக்குத் தெக்கால ஜோங்லே மாநிலத்துப் பக்கமும் ரொம்ப வருஷமா இருக்கு. 2013 டிசம்பர் 19ல ஜோங்லேல அகோபோங்கற ஊர்ல ஐ.நா. முகாமுக்குள்ள அடைக்கலம் வந்த டிங்கா ஜனங்களைத் தேடி ஆயுதத்தோட ஒரு பெரிய கும்பல் புகுந்தப்ப இந்திய வீரர்களும் செத்தாங்க. நம்ம பேப்பர்ல ஒரு நாள் வந்துச்சு, அதோட சரி.

2016 பிப்ரவரி 17, 18ல மலக்கல் முகாமுக்குள்ளயே சண்டை, வெளிலேர்ந்து அரசாங்கச் சிப்பாய்ங்களும் உள்ள வந்தாங்க, குறைஞ்சது 30 பேர் சாவு, முகாமுல மூணுல ஒரு பங்கு எரிஞ்சு போச்சு. மத்த முகாம்களை 2020-21ல சாதாரண இடம்பெயர்ந்தோர் முகாமா மாத்தி அரசாங்கப் பொறுப்புல விட்டாங்க, மலக்கலை மட்டும் மாத்த முடியல, அவ்ளோ சிக்கல். ஷில்லுக், நூவர், டிங்கான்னு மூணு இனத்துக்காரங்களும் டவுன் யாருதுன்னு இன்னும் முடிவு பண்ணல. இந்த ஊருக்குத்தான் 2023லேர்ந்து படகு படகா ஆளைக் கொண்டு வந்து எறக்குறாங்க. இறங்குறவர் ஷில்லுக்கா நூவரான்னு பாத்துத்தான் டவுனுக்குள்ள போறதா, ஐ.நா. வேலிக்குள்ள போறதான்னு அவரு முடிவு பண்ணணும். வேலிக்குள்ள போய்ட்டா காலைல ரிட்டர்னியா இருந்தவர் சாயங்காலம் சொந்த நாட்டுக்குள்ளயே இடம்பெயர்ந்தவர், அதுதான் மூணாவது கணக்கு. அட்டை மாறும், ஆள் அதே ஆள்தான், கையில இருக்குற மூட்டையும் அதேதான்.

பெந்தியு கதை வேற, அங்க பிரச்சனை தண்ணி. 2019லேர்ந்து வருஷா வருஷம் வெள்ளம், 2021ல ரொம்ப மோசம், வடியவே இல்ல, வெயில் காலத்துலயும் நிக்குது. மேல விக்டோரியா ஏரில மழை ஜாஸ்தியானா அந்தத் தண்ணி மாசக்கணக்குல மெதுவா எறங்கி சட் சதுப்பு நெலத்துக்கு வந்து அகலமா பரவிடும், உள்ளூர்ல சொட்டு மழை இல்லன்னாலும் வெள்ளம் வரும். பெந்தியு முகாம்ல ஒரு லட்சத்துக்கும் மேல ஜனங்க, சுத்திலும் மண் கரை, கரைக்கு அந்தப் பக்கம் தண்ணி இவங்க நிக்கிற தரையை விட ஒசரத்துல நிக்குது. எக்ஸ்கவேட்டர், பம்ப், மண் மூட்டைன்னு ராத்திரி பகலா கரையைப் பாத்துக்கணும், ரன்வேயும் அதே மாதிரி கரைக்குள்ள. போருக்கு ஓடி முகாமுக்கு வந்தவங்க, வெள்ளத்துக்கு ஓடி வந்தவங்க, இப்ப சூடான்லேர்ந்து வந்தவங்க, மூணு பேரும் அந்தக் கரைக்குள்ள. மாட்டை நம்பி வாழ்ந்த ஜனங்க, மாடு செத்துப் போச்சு, மேயுற நெலம் தண்ணிக்கடில, அல்லிக்கிழங்கு பறிச்சுச் சாப்ட்டு நாளை ஓட்டுறாங்க. சண்டை நின்னாலும் இவங்க ஊருக்குப் போக முடியாது, போக ஊர் வெளில தெரியணுமே.

இந்த எடத்துல ஒரு விஷயம் சொல்லணும். உள்நாட்டு இடம்பெயர்ந்தோருக்குன்னு உலக அளவுல இருக்குற முக்கியமான ஆவணம் 1998ல வந்த ஐ.நா. வழிகாட்டு நெறிகள், அதுக்குப் பின்னாடி இருந்த ஆள் ஃப்ரான்சிஸ் டெங், 1992லேர்ந்து 2004 வரைக்கும் இடம்பெயர்ந்தோருக்கான ஐ.நா. பிரதிநிதி. அவரு ஊர் அபியெய், சூடானும் தெற்கு சூடானும் இன்னைக்கு வரைக்கும் அடிச்சுக்குற அதே அபியெய், பின்னாடி தெற்கு சூடானுக்காக ஐ.நா.வுல தூதரா உக்காந்தவரும் அவரேதான். இறையாண்மைன்னா பொறுப்பு, தன் ஜனங்களைப் பாத்துக்குறவரைக்கும்தான் அரசுக்கு அந்த அதிகாரம்ங்குற வாதத்தையே பெருசாக் கொண்டு வந்தவர். அந்த நெறிகள்ல திரும்பிப் போறது விருப்பத்தோட, பாதுகாப்பா, மரியாதையோட இருக்கணும்னு தெளிவா இருக்கு. ஜோடா மேஜைல இது எதுவும் எட்டல, ஏன்னா குண்டுக்குப் பயந்து ஓடி வந்தவனோட விருப்பம் என்னன்னு யாரும் கேக்கப் போறதில்ல.

சொந்த அரசாங்கம் பாத்துக்குமா

பாத்துக்கத் துட்டு வேணும். அரசாங்க வருமானத்துல சுமார் 90 சதவீதம் எண்ணெய், நெலத்துக்குள்ளயே அடைஞ்ச நாடு, எண்ணெய் வெளில போற குழாய் சூடான் வழியா போர்ட் சூடானுக்குப் போகுது . 2024 பிப்ரவரில அந்த முக்கியக் குழாய் சூடான்ல போர் நடக்குற எடத்துல ஒடஞ்சது. மெழுகு ஜாஸ்தி உள்ள எண்ணெய், சூடு பண்ணிட்டே தள்ளணும், பம்ப் ஸ்டேஷனுக்கு டீசல் போகல, உள்ளயே ஒறஞ்சு போச்சு. ஏற்றுமதில பெரும்பகுதி கிட்டத்தட்ட ஒரு வருஷம் நின்னுச்சு. வாத்தியார், நர்ஸ், சிப்பாய் யாருக்கும் மாசக்கணக்கா சம்பளம் இல்ல, தெற்கு சூடான் பவுண்டு சரிஞ்சு விழுந்துச்சு. இன்னொரு பக்கம் ரெங்க், மலக்கல் சந்தைக்கு சோளம், சக்கரை, சோப்பு எல்லாம் வழக்கமா வர்றதே சூடான் பக்கம்லேர்ந்துதான், அந்த ரூட்டும் போச்சு. எண்ணெய் ஓடுனப்ப மட்டும் எல்லாருக்கும் சம்பளம் ஒழுங்கா வந்துச்சான்னு கேக்காதீங்க, எண்ணெய்க் காசு எங்க போச்சுங்கறதப் பத்தி ஐ.நா. மனித உரிமை ஆணையமே அறிக்கை மேல அறிக்கை எழுதிட்டு இருக்கு.

இருந்தும் ஒண்ணு சொல்லணும், இவ்ளோ நடந்தும் அந்த நாடு பார்டரை மூடல. பணக்கார நாடுங்க சில ஆயிரம் பேர் வந்தாலே வேலி போடுற காலத்துல, சம்பளம் வாங்காத இமிக்ரேஷன் ஆபீஸர் உக்காந்து பத்து லட்சம் பேரை உள்ள விட்டிருக்காரு.

அகதின்னு கார்டு வாங்குனவங்க நெலமையும் ரொம்ப ஒசத்தி இல்ல. மபான்ல டோரோ, யூசுஃப் பட்டில், கெந்த்ராசா, காயான்னு நாலு முகாம், நீல நைல் பக்கத்துலேர்ந்து 2011-12லயே வந்தவங்க ஏற்கெனவே நெறைய இருக்காங்க, புதுசா வந்தவங்க அதுக்கு மேல. அவெய்ல் பக்கம் வெட்வீல்னு 2023ல புது குடியிருப்பு. ஜூபா பக்கத்துல கோரோம், எத்தியோப்பியா அகதிங்களுக்காக சில ஆயிரம் பேர் கணக்குல போட்ட சின்ன முகாம், கார்ட்டூம் டவுன்காரங்க வந்து குவிஞ்சு பல மடங்கா வீங்கிடுச்சு. டாக்டர், இன்ஜினியர், கடைக்காரர்னு நகரத்துல வாழ்ந்தவங்க, மூங்கில் குடிசையும் பாதி ரேஷனும்.

பாதுகாப்புன்னு வந்தா 2025 ஜனவரியச் சொல்லணும். சூடான் ராணுவம் ஆர்எஸ்எஃப்கிட்டேர்ந்து வாத் மதனிங்கற சூடான் நகரத்தைத் திரும்பப் பிடிச்சப்ப அங்க இருந்த தெற்கு சூடான்காரங்களைக் கொன்ன வீடியோ ஃபோன் ஃபோனா பரவுச்சு, உடனே ஜூபாவுலயும் மத்த டவுன்லயும் சூடான்காரங்க கடையை அடிச்சு நொறுக்குனாங்க, 16 சூடான்காரங்க செத்ததா போலீஸ் சொன்னுச்சு. சாயங்காலம் ஆறுலேர்ந்து காலைல ஆறு வரைக்கும் ஊரடங்கு, ஃபேஸ்புக்கும் டிக்டாக்கும் தடை, உயிருக்குத் தப்பிக்க நூத்துக்கணக்கான சூடான் குடும்பங்க ராணுவ முகாமுக்குள்ள போய் உக்காந்தாங்க. அங்க போய்ப் பொழைச்சவனைக் கொன்னதுக்கு இங்க வந்து பொழைக்கறவனைக் கொல்றது. அன்னைக்கு செத்தவங்க யாருக்கும் வாத் மதனில நடந்ததுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ரெண்டு பக்கமும் செத்தது அடுத்த நாட்டுல பொழைக்க வந்த ஜனங்கதான்.

அதே வருஷம் மார்ச் 4ல, எத்தியோப்பியா பார்டர் பக்கம் நசீர்ல இருந்த ராணுவ முகாமை வெள்ளைப்படைங்கற நூவர் இளைஞர் கூட்டம் பிடிச்சுடுச்சு, 7ஆம் தேதி ஆளை மீட்கப் போன ஐ.நா. ஹெலிகாப்டர் மேல சுட்டாங்க, மாசக் கடைசில, 2018 ஒப்பந்தப்படி மறுபடி துணை ஜனாதிபதியா இருந்த மச்சார் வீட்டுக் காவல்ல, செப்டம்பர்ல அவரு மேல கொலை, தேசத்துரோக வழக்கு. வானத்துலேர்ந்து குண்டு, மே 3ல ஓல்ட் ஃபங்காக்ங்கற ஊர்ல எம்எஸ்எஃப்ங்கற மருத்துவ உதவி அமைப்போட ஆஸ்பத்திரி மேலயே விழுந்துச்சு. 2018 ஒப்பந்தம் இப்ப பேப்பர்ல மட்டும்தான் இருக்கு. நடத்துறோம்னு சொன்ன எலெக்ஷனை 2026 டிசம்பருக்குத் தள்ளி வச்சிருந்தாங்க.

அந்த மார்ச்லேர்ந்து மூணு மாசத்துல மட்டும் அப்பர் நைல் பக்கம் ஒன்றரை லட்சத்துக்கும் மேல ஜனங்க ஓடுனாங்க. ஒரு பகுதி உள்ளுக்குள்ளயே, அவங்க இடம்பெயர்ந்தோர் கணக்குல ஏறுவாங்க. இன்னொரு பகுதி எத்தியோப்பியாவுல கம்பெல்லா பக்கம் ஆத்தைத் தாண்டுனாங்க, அவங்க அங்க அகதி. இன்னும் பல்லாயிரம் பேர் போனது எங்க தெரியுமா, சூடானுக்கு, வெள்ளை நைல் மாநிலத்துக்கு, ஜோடாவுக்கு அந்தப் பக்கம், 2023ல எங்கேர்ந்து தப்பிச்சு வந்தாங்களோ அதே பக்கம். இப்படிப் போற ஒருத்தர் 2023ல ஜோடாவுல ரிட்டர்னின்னு பதிஞ்சவரா இருந்தா அவரு பேரு ஐஓஎம் மொத்தக் கணக்குல இன்னும் வந்தவர்னுதான் இருக்கும், மலக்கல் வேலிக்குள்ள ஒரு வருஷம் இருந்திருந்தா அங்கயும் ஒரு பதிவு, இப்ப சூடான்ல யூஎன்ஹெச்சிஆர் பதிவுல புதுசா வந்த தெற்கு சூடான் அகதி. மூணு ரிப்போர்ட்டையும் கூட்டிப் பாத்து மூணு ஆள்னு எழுதுற கட்டுரைங்களை நான் பாத்திருக்கேன். அமெரிக்கா உதவியை வெட்டுன 2025ல நன்கொடை தர்றவங்க இந்த அட்டவணைகளை வச்சுத்தான் யாருக்கு எவ்ளோன்னு முடிவு பண்றாங்க, அதே வருஷம் ஏப்ரல்லேர்ந்து ஜூலை வரைக்கும் நாட்டுல 77 லட்சம் பேருக்கு, அதாவது நூத்துக்கு 57 பேருக்கு, கடுமையான பட்டினி இருக்கும்னு பட்டினி அளவைக் கணக்கிடுற உலக அமைப்பான ஐபிசி கணிப்பு. அந்த 77 லட்சத்துல யாரு அகதி, யாரு ரிட்டர்னி, யாரு இடம்பெயர்ந்தவர், யாரு அதே ஊர்ல ஆரம்பத்துலேர்ந்து இருந்துட்டு வந்தவங்களுக்கு எடம் கொடுத்தவர்னு பிரிச்சு ரேஷன் போடுற வேலை இன்னைக்கும் ரெங்க்குக்கு வடக்கால ஜோடாவுல அந்த மேஜைலேர்ந்துதான் ஆரம்பிக்குது.